பிரின்ட் எடுத்த தற்காலிக கிரவுன் பல்லில் சரியாக உட்கார: ஸ்கேன் முதல் சிமென்ட் வரை

ஒற்றைப் பல்லுக்கான தற்காலிக கிரவுனை (செதுக்கிய பல்மேல் மாட்டும் உறை) ரெசின் பிரின்டரில் எடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது. ஸ்கேன் எடுக்கவும், மென்பொருளில் பல் வடிவம் வைக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ரெசின் வாயில் வைப்பதற்கென்று சான்று பெற்ற தற்காலிக கிரவுன் ரெசினாகத்தான் இருக்க வேண்டும். பொம்மை, மாடல் எடுக்கிற ரெசின் எவ்வளவு அழகாக வந்தாலும் வாய்க்குள் போகக்கூடாது.

மார்ஜின் (கிரவுனின் விளிம்பு பல்லைச் சந்திக்கும் கோடு) இடைவெளி 120 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது 1971-ல் ஆய்வாளர்கள் மெக்லீனும் வான் ஃப்ரான்ஹோஃபரும் சொன்ன எண். இன்றும் பெரும்பாலோர் அதையே அளவுகோலாக வைக்கிறார்கள். 50 மைக்ரான் லேயரில் எடுக்கும்போது இது இரண்டு லேயரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

1. ஸ்கேன்

கார்டு (மெல்லிய நூல்) வைத்து ஈறை ஒதுக்கி, பல்லை உலர்த்தி, மார்ஜின் கோடு சுற்றிலும் அறுபடாமல் தெரியும்படி எடுங்கள். செதுக்கிய பல்லில் கூரான முனைகள் இருந்தால் ஸ்கேனர் அவற்றைக் கொஞ்சம் மழுக்கித்தான் பதிவுசெய்யும். நிஜப் பல்லில் அந்த முனை அப்படியே இருப்பதால் கிரவுனின் உட்பக்கம் அங்கே இடிக்கும். ஸ்கேனுக்கு முன்பே மெல்லிய டைமண்ட் பர்ரால் முனைகளை உருட்டிவிடுவது நல்லது.

2. சிமென்ட் இடைவெளி

சிமென்ட்டுக்காகக் கிரவுனுக்கும் பல்லுக்கும் நடுவே மென்பொருளில் விடும் இடைவெளி இது. மார்ஜினிலிருந்து 1 மி.மீ. உயரம் வரை 20 முதல் 30 மைக்ரான், அதற்கு மேலே 70 முதல் 80 மைக்ரான். இங்கிருந்து தொடங்கி உங்கள் பிரின்டருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அதே கட்டத்தில் மில்லிங் (கட்டியிலிருந்து கிரவுனைக் குடைந்தெடுக்கும்) கருவிக்கான ஈடுகட்டல் என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். மில்லிங் பர் தன் விட்டத்தைவிடக் குறுகலான மூலைக்குள் நுழையாது என்பதால், மென்பொருள் அந்த இடங்களை முன்கூட்டியே பெரிதாகக் குடைந்து வைக்கும். பிரின்டரில் பர் ஏது? இதை அணைக்காமல் விட்டால் முன்பல் கிரவுனின் வெட்டுமுனை உள்ளே வெறுமையாகிவிடும், சுவர் மெலியும், கிரவுன் பல்மேல் சுழலும். திரையில் பார்த்தால் எதுவும் தெரியாது. மில்லிங்குக்கு வைத்திருந்த அமைப்பையே பிரின்டுக்கும் எடுத்துக்கொள்பவர்கள் இதில் மாட்டுவது வழக்கம்.

பக்கச் சுவர் 1 மி.மீ., கடிபரப்பு 1.5 மி.மீ. வைக்கலாம். ரெசின் தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே முடிவு. மார்ஜின் விளிம்பு 0.2 மி.மீ.க்குக் கீழே போனால் கழுவும்போதே உதிரும்.

3. பிளாட்ஃபார்மில் எப்படி நிறுத்துவது

பிளாட்ஃபார்ம் (கிரவுன் ஒட்டி வளரும் தட்டு) மேலே இருக்க, அடியிலிருந்து ஒளி வரும் பிரின்டரில் ஒரு லேயரை இறுக்கும் ஒளி 50 மைக்ரானோடு நிற்காது, அதைத் தாண்டி மேலே போகும். மேலே ஏற்கெனவே இறுகிய ரெசின் இருந்தால் கவலையில்லை. வெற்றிடமாக இருக்க வேண்டிய இடத்தில் திரவ ரெசின் நின்றால் அதுவும் கொஞ்சம் இறுகிவிடும். ஆகவே பிளாட்ஃபார்மைப் பார்த்திருக்கும் பரப்புகள் எல்லாம் வரைந்ததைவிடத் தடித்து வரும்.

கிரவுனின் குழிவு பிளாட்ஃபார்மைப் பார்த்தால் அந்தத் தடிப்பு உட்கூரையில் ஏறும். கிரவுன் அந்த அளவுக்குத் தூக்கி நிற்கும், மார்ஜின் சுற்றிலும் ஒரே சீராகத் திறந்திருக்கும். கடிபரப்பு பிளாட்ஃபார்மைப் பார்த்தால் அதே தடிப்பு வெளியே விழும். ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பர் (கடி படும் இடத்தைக் காட்டும் வண்ணத்தாள்) வைத்துக் கடிக்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் தேய்த்துவிடலாம். பிழை எப்படியும் வரும், அதைக் கை எட்டுகிற இடத்துக்குத் தள்ளுங்கள்.

முழுக்க நேராக வைத்தால் குழிவு டேங்கின் அடியிலுள்ள பிலிமில் உறிஞ்சு கிண்ணம்போல ஒட்டி இழுக்கும். 20 முதல் 30 டிகிரி சாய்த்தால் கடைசி லேயர்களில் முழு வளையம் அமையாது, மெல்லிய மார்ஜின் தப்பிக்கும். சப்போர்ட்டுகளை (தாங்கு கால்கள்) நாக்குப் பக்கச் சரிவில் வையுங்கள். உட்பக்கத்திலும், மார்ஜினிலிருந்து 1 மி.மீ.க்குள்ளும், பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்திலும் ஒன்றுகூட வேண்டாம். தானியங்கி சப்போர்ட் கட்டாயம் உள்ளே இரண்டு மூன்றை நட்டிருக்கும். கையால் நீக்குங்கள்.

4. பிரின்ட்

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். முதல் கிரவுனுக்கு முன் 8 மி.மீ. உள்விட்டமுள்ள ஒரு வளையத்தை எடுத்து, கழுவி இறுக்கியபின் காலிப்பரால் அளந்து பாருங்கள். 7.9 வந்தால் ஒளி பக்கவாட்டில் கசிகிறது. பிரின்டர் மென்பொருளின் எக்ஸ்-ஒய் (பக்கவாட்டு) ஈடுகட்டலில் சரிசெய்யுங்கள், சிமென்ட் இடைவெளியைக் கூட்டி மறைக்காதீர்கள். பிக்சல் சிறியதாக உள்ள பிரின்டரைத் தேடி அலைவதைவிட, உங்கள் ரெசினுக்குத் தயாரிப்பாளரே அமைப்பு கொடுத்திருக்கும் பிரின்டரை வாங்குவதே என் தேர்வு.

5. கழுவுதல், இறுக்குதல்

ரெசினின் கையேடு வேறு சொல்லாவிட்டால், முதல் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டியில் 3 நிமிடம், சுத்தமான இரண்டாவதில் 2 நிமிடம். அதற்கு மேல் ஊறினால் மெல்லிய விளிம்பு உப்பிக் குழையும். உள்மூலைகளை மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, காற்று அடித்து உலர்த்துங்கள். உலர்ந்தபின் எங்காவது பளபளத்தால் அங்கே ரெசின் மிச்சமிருக்கிறது. அப்படியே இறுக்கினால் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் நிரந்தரமாகிவிடும்.

சப்போர்ட்டை வெட்டாமலே ஒளிப்பெட்டியில் வையுங்கள், விளிம்பு கோணாது. பாதி நேரம் குழிவு மேலே பார்த்தபடி, மீதி நேரம் திருப்பி.

6. வாயில் வைத்துப் பார்த்தல்

டை (செதுக்கிய பல்லின் மாதிரி) மீது அழகாக உட்கார்ந்ததை நம்பிவிடாதீர்கள். டையும் பிரின்ட் எடுத்ததென்றால் அதற்கும் அதே பிழைகள் உண்டு.

முதலில் பார்க்க வேண்டியது பக்கத்துப் பல்லுடன் உள்ள தொடுகை. ஃப்ளாஸ் சற்றே தடைப்பட்டு இறங்க வேண்டும். தொடுகை இறுகியிருந்தால் கிரவுன் கீழே இறங்காது, மார்ஜின் திறந்ததுபோலத் தெரியும், நீங்கள் உட்பக்கத்தை வீணாகக் குடைவீர்கள். அது சரியானபின் லைட் பாடி சிலிக்கோனை (நீர்த்த அச்சுப் பொருள்) உள்ளே நிரப்பி அழுத்தி, இறுகியதும் கழற்றுங்கள். சிலிக்கோன் கிழிந்து ரெசின் தெரியும் இடம்தான் இடிக்கும் இடம். பென்சிலால் குறித்து, சிறிய உருண்டை பர்ரால் அங்கே மட்டும் எடுங்கள்.

சுவர்கள் எல்லாப் பக்கமும் தேய்ந்தால் எக்ஸ்-ஒய் கசிவு. கூரை மட்டும் இடித்தால் நிறுத்திய விதம் அல்லது மிச்ச ரெசின். ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால் தொடுகைகளைத் திரும்பப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் ஆடினால் இரண்டாம் படிக்குப் போங்கள்.

விளிம்பில் சிறு திறப்பு மட்டும் என்றால் புதிதாக எடுக்கத் தேவையில்லை. உட்பக்க விளிம்பைச் சொரசொரப்பாக்கி, பாண்டிங் தடவி, ஃப்ளோ காம்போசிட் (வழிந்தோடும் பல் நிரப்பி) சேர்த்துவிடலாம். கடியைக் கடைசியில் சரிசெய்து, யூஜெனால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) இல்லாத தற்காலிக சிமென்ட்டால் ஒட்டுங்கள். யூஜெனால் பல்லில் தங்கினால் பின்னால் நிரந்தர கிரவுனுக்குப் போடும் ரெசின் சிமென்ட் சரியாக இறுகாது.

பின்சேர்க்கை: போன மாதம் சரியாக வந்தது, இப்போது பல்லில் ஏற இறுக்கமாக இருக்கிறது என்றால்

டேங்கில் நாள்கணக்கில் நின்ற ரெசினில் நிறமி அடியில் தங்கியிருக்கும். நிறமி குறைந்துபோன ரெசினில் ஒளி அதிக ஆழம் போகும், உட்பக்கம் சுருங்கும். ரெசினைக் கிளறிவிட்டு வளையத்தை மறுபடி எடுத்து அளங்கள். ஏ1 ஷேடிலிருந்து (பல் நிறக் குறியீடு) அடர்ந்த ஏ3-க்கு மாறும்போதும் இதே கதைதான். நிறம் அடர்ந்தால் ஒளி குறைவாக ஊடுருவும், ஆகவே ஒவ்வொரு ஷேடுக்கும் தனி ஒளி நேரம், தனி வளையம்.