வீட்டுத் தென்னையில வெள்ளை ஈயா? மருந்தடிக்கும் முன்னாடி இதப் படிங்க

ஓலைக்கு அடியில வெள்ளையா சுருள் சுருளா கோலம் போட்ட மாதிரி இருக்கா, கீழ நிக்கிற கார் மேல பிசுபிசுன்னு ஒட்டுதா, அப்போ அது சுருள் வெள்ளை ஈதான். மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி, 2016ல பொள்ளாச்சி தென்னையில பாத்தாங்க, இப்போ சிட்டியில வீட்டுத் தென்னை, கொய்யா, வாழைன்னு எல்லாத்துலயும் உக்காந்திருக்கு.

முதல்ல, தயவுசெஞ்சு பூச்சிக்கொல்லி அடிக்காதீங்க. என்கார்சியான்னு ஒரு குட்டி குளவி இருக்கு, கண்ணுக்கே சரியா தெரியாது, அது இந்த ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வச்சு அதைக் கொன்னுடும், நீங்க விஷம் அடிச்சா முதல்ல சாகுறது அந்தக் குளவிதான், ஈ மறுபடி பெருகிடும்.

ஓலையைத் திருப்பிப் பாருங்க, குஞ்சுங்க கருப்பா மாறியிருந்தா குளவி வேலை செய்யுதுன்னு அர்த்தம். அந்த ஓலைய எரிக்காம சின்னத் துண்டா வெட்டி, குளவி இல்லாத மரத்து ஓலையில பின் பண்ணிடுங்க.

மரம் குட்டையா இருந்தா ஹோஸ்ல தண்ணிய வேகமா ஓலைக்கு அடியில பீச்சுங்க. மஞ்சள் ஷீட்ல விளக்கெண்ணெய் தடவி ஆறடி உயரத்துல கட்டுனா ஈ வந்து ஒட்டிக்கும்.

ஓலை மேல கரி பூசுன மாதிரி இருக்கிறது பூஞ்சை. லிட்டருக்கு 25 கிராம் மைதா போட்டு காய்ச்சி, ஆறவச்சு தெளிச்சா வெயில்ல காஞ்சு உரிஞ்சு விழுந்துடும். ஈ இருக்கிற மரக்கன்னை மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க, அப்படியும் அது வேற தெருவுக்குப் போயிடும்.