4×100 ரிலே: பேட்டனைக் கைமாற்றப் பழகுவது எப்படி?

கல்லூரி அணிக்கு வேகமான நாலு பேரைப் பொறுக்கி நிறுத்திவிட்டு, பேட்டன் (ஓடுபவர்கள் கைமாற்றும் குச்சி) பழக்கத்தைப் போட்டிக்கு முந்தின நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 4×100 தங்கம் கனடாவுக்குப் போனது, 37.50 விநாடியில். அந்த நாலு பேரில் ஒருவர்கூட 100 மீட்டர் இறுதிச்சுற்றுக்கு வரவில்லை. அதே ஓட்டத்தில் அமெரிக்கா முதல் கைமாற்றத்திலேயே சொதப்பித் தகுதி இழந்தது.

என் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது செக் மார்க், அதாவது வாங்குபவர் எப்போது கிளம்ப வேண்டும் என்று காட்டும் அடையாளம். வாங்குபவர் ஜோன் (பேட்டனைக் கைமாற்ற வேண்டிய பகுதி) தொடங்கும் இடத்திலிருந்து, ஓடி வருபவர் பக்கமாகப் பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்து 22 எண்ணி, அங்கே டேப் ஒட்டட்டும். சிந்தெடிக் டிராக்கில் சாக்பீஸ் கோடு போட விதி அனுமதிப்பதில்லை. வருபவர் அந்த டேப்பைத் தொட்டதும் கிளம்ப வேண்டும், திரும்பிப் பார்க்கவே கூடாது. வருபவர் ஜோனின் தொடக்கத்திலேயே முட்டிக்கொண்டு வந்தால் டேப்பை ஜோனிலிருந்து இன்னும் ஒரு பாதம் தள்ளி வையுங்கள். எட்டிப் பிடிக்க முடியாமல் போனால் ஒரு பாதம் கிட்டே கொண்டுவாருங்கள். ஸ்பைக் (அடியில் ஆணி வைத்த ஷூ) போட்டு முழு வேகத்தில்தான் சோதிக்க வேண்டும். வருபவரும் 30 மீட்டர் மட்டும் ஓடிவந்து கொடுத்தால் போதாது. நிஜப் போட்டியில் அவர் களைத்துப்போய் வருவார், அதனால் 80 மீட்டராவது ஓடவிடுங்கள்.

அப்புறம் கை. முதல் ஆள் வலது கையில் கொண்டுவந்து அடுத்தவரின் இடது கையில் கொடுப்பார். மூன்றாமவர் வலது, நாலாமவர் இடது. ஓட்டம் முடியும்வரை யாரும் கை மாற்றிப் பிடிப்பதில்லை. "கை!" என்று சத்தம் வந்ததும் வாங்குபவர் கையைத் தோள் உயரத்துக்குப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, அசையாமல் வைத்திருக்க வேண்டும். பதற்றத்தில் பலருடைய கை பேட்டனைத் தேடி மேலும் கீழும் ஆடும். தேடுவது கொடுப்பவரின் வேலை, அவருக்குத்தான் கண்ணுக்கு முன்னால் எல்லாம் தெரிகிறது. இதை மட்டும் நடந்தபடியே, தினமும் வார்ம்-அப்பில் பழகலாம்.

ஜோன் 30 மீட்டர். உங்கள் கால் எங்கே இருக்கிறது என்பதை நடுவர் பார்ப்பதில்லை, பேட்டன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார். 20 மீட்டரைத் தாண்டி, இருவரும் நல்ல வேகத்தில் இருக்கும்போது மாற்றுவது நல்லது. பேட்டன் கீழே விழுந்தால் தவறவிட்டவர்தான் எடுக்க வேண்டும்.

கொடுத்து முடித்தவர் அடுத்த லேன்காரர்கள் கடக்கும்வரை தன் லேனிலேயே நிற்கட்டும். சந்தோஷத்தில் குறுக்கே போய் யாரையாவது இடித்தால் அணியையே வெளியேற்றிவிடலாம்.