இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை மிரர் செய்வதா, பேக்கப் எடுப்பதா?

வீட்டுக் கணினிக்குக் கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிய பலருக்கும் முதலில் தோன்றுவது, இரண்டையும் மிரர் செய்துவிட்டால் கவலை தீர்ந்தது என்ற எண்ணம்தான். அந்த நம்பிக்கையில் குழந்தைகளின் படங்களையும் குடும்பக் கணக்குகளையும் இழந்தவர்கள் உண்டு. உங்களிடம் கூடுதலாக இருப்பது ஒரே ஒரு டிஸ்க் என்றால், அதை பேக்கப்புக்கே, அதாவது கோப்புகளின் தனி நகலை எடுத்து வைப்பதற்கே, ஒதுக்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மிரர் என்பது ஒரே தகவலை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளில் எழுதும் முறை. 1988இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை, பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு முறைகளின் முதல் நிலையாக வகைப்படுத்தியது. ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது.

ஆனால் நாம் கோப்புகளை இழப்பது டிஸ்க் பழுதால் மட்டும் அல்ல. தவறான கோப்புறையை அழித்துவிடுகிறோம். பழைய கணக்குத் தாளின் மேல் புதியதைச் சேமித்துவிடுகிறோம். இரண்டும் அந்த நொடியே மிரரின் மறு டிஸ்க்கிலும் நடந்துவிடும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை போன்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) புகுந்தால், இரண்டு டிஸ்க்குகளிலும் பூட்டிய கோப்புகள்தான் மிஞ்சும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் மின்னழுத்தம் எகிறினால் இரண்டுமே போகலாம். நேற்றைய கோப்பை இன்று திருப்பித் தருவது பேக்கப் மட்டுமே.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள 'ஃபைல் ஹிஸ்டரி' வசதியைக் கொண்டு பேக்கப் எடுக்கும் வழியைப் பார்ப்போம். தனிச் செலவு இல்லை.

படி 1: எவற்றைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மென்பொருள்களை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். படம், காணொளி, ஆவணம் ஆகியவையே முக்கியம். அவற்றின் மொத்த அளவைப் போல இரண்டு மடங்காவது டிஸ்க்கில் இடம் இருக்கட்டும். மாறிய கோப்புகளின் பழைய வடிவங்களுக்கும் இடம் வேண்டுமல்லவா?

படி 2: யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகி, 'கண்ட்ரோல் பேனல்', 'சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி', 'ஃபைல் ஹிஸ்டரி' என்ற வரிசையில் செல்லுங்கள். உங்கள் டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் 'டர்ன் ஆன்' அழுத்துங்கள்.

படி 3: இந்த வசதி டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போன்ற வழக்கமான கோப்புறைகளை மட்டுமே எடுக்கும். டி டிரைவில் தனியாக வைத்திருக்கும் கோப்புறை இதில் சேராது. பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். அந்தக் கோப்புறையை டாக்குமெண்ட்ஸுக்குள் நகர்த்திவிடுவது எளிய வழி.

படி 4: 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' திறந்து பாருங்கள். மணிக்கு ஒரு முறை நகல் எடுப்பது, பழைய வடிவங்களை என்றென்றும் வைத்திருப்பது என்றுதான் முதலில் இருக்கும். சிறிய டிஸ்க் என்றால், இடம் தேவைப்படும்போது பழையவற்றை நீக்கும் தெரிவுக்கு மாற்றுங்கள்.

படி 5: முதல் நகல் முடிந்ததும் டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றி, கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க்கைத் தீநிரலால் எட்ட முடியும். வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று செருகி 'ரன் நவ்' அழுத்தினால் போதும்.

படி 6: மீட்டுப் பாருங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவையான கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளம் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பேக்கப்பைத் தேடினால், சேமிப்பிடம் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. அதைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. அந்த நிறுவனம் இதையெல்லாம் மறைக்காமல் பொதுவெளியில் எழுதியது பெரிய உதவி. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 'ரீஸ்டோர் பர்சனல் ஃபைல்ஸ்' திறந்து, பழைய தேதிக்குப் போய், ஒரு கோப்பின் மேல் வலது கிளிக் செய்து 'ரீஸ்டோர் டு' மூலம் வேறு கோப்புறையில் இறக்கித் திறந்து பாருங்கள்.

படி 7: இன்னொரு நகல் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தவையும் சேர்ந்தே நனைந்தன. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர். உறவினர் வீட்டில் வைக்கும் டிஸ்க்கே இதற்குப் போதும். கூகுள் டிரைவ், ஒன் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். அவற்றின் ஒத்திசைவு, கணினியில் அழித்ததை அங்கும் அழித்துவிடும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு போய்விடும். கோப்புகளை நகலெடுக்க விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி கட்டளையின் 'மிர்' தெரிவும் இப்படித்தான். மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்கிவிடும்.

இத்தனைக்கும் பிறகு கையில் இன்னும் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால், வீட்டிலிருந்து தொழில் நடத்துபவர்கள் தாராளமாக மிரர் செய்யலாம். விண்டோஸின் 'ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்' பகுதியில் 'டூ-வே மிரர்' தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் நிறுவிய டிஸ்க் இந்தக் கணக்கில் வராது. சேர்க்கும் டிஸ்க்குகளில் ஏற்கெனவே உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் காலி செய்துகொள்ளுங்கள். இரண்டு 2 டிபி டிஸ்க்குகளைச் சேர்த்தால் பயன்படுத்தக் கிடைப்பது ஏறக்குறைய 2 டிபி. ஒன்று பழுதானால் அந்தப் பகுதியில் எச்சரிக்கை தெரியும். கணினி வழக்கம்போல் ஓடுவதால் அதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள், அன்றே பேக்கப்பைப் புதுப்பித்துவிட்டு மாற்று டிஸ்க்கை வாங்குங்கள்.