வடித்த கஞ்சியில் அடுப்பு எரிப்பது எப்படி?

சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கழிவுநீரைக் காற்றுப் புகாமல் மூடிவைத்து எரிவாயு எடுக்கிறார்கள். அதே வேலையைக் கொல்லையில் இரண்டு டேங்கை வைத்து நாமும் செய்யலாம்.

1. டேங்க். 1000 லிட்டர் டேங்கின் மேல்பகுதியை அறுத்துவிடுங்கள். 750 லிட்டர் டேங்கையும் அப்படியே அறுத்து, அதற்குள் கவிழ்த்துப் போடுங்கள். அடிவரை இறங்கும் ஒரு குழாய் கழிவு போட. எதிர்ப்பக்கம் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு குழாய் கரைசல் வழிய. கவிழ்த்த டேங்கின் உச்சியில், வாயு அடுப்புக்குப் போக ஒரு வால்வு. நிரம்பினால் ஒரு டன் கனம், மொட்டைமாடி வேண்டாம். வெயில் விழும் தரைதான் சரி.

2. சாணம். சாணமும் தண்ணீரும் சமபாகம். வைக்கோல், கல் பொறுக்கிவிட்டுக் கரைத்து ஊற்றுங்கள். மீத்தேன் என்ற எரியும் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் மாட்டு வயிற்றிலிருந்துதான் வருகின்றன. இரண்டு மூன்று வாரம் வேறெதுவும் போடாதீர்கள். வாயு சேரச் சேர, கவிழ்த்த டேங்க் தானாக மேலே எழும்பும்.

முதல் தடவை சேர்ந்த வாயுவைப் பற்றவைக்கவே கூடாது. அதில் காற்று கலந்திருக்கும், வெடிக்கும். பக்கத்தில் நெருப்பில்லாமல் திறந்துவிட்டு, அடுத்து சேர்வதை அடுப்பில் மட்டும் கொளுத்திப் பாருங்கள். டேங்க் அருகே தீக்குச்சி உரசக் கூடாது.

3. தீனி. பழைய சோறு, கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் ஆகும். அரைத்து, அதே அளவு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். எலும்பு, முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல் வேண்டாம். அரைக் கிலோவில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல இரண்டு கிலோவுக்கு வாருங்கள்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய ஒரு குண்டான் சோற்றை ஒரே நாளில் கொட்டினேன். மறுநாளே புளித்த மாவு வாடை. வாயு வந்தது, அடுப்பு பற்றவில்லை. சோறு புளித்து அமிலம் ஏறினால் மீத்தேன் நின்றுபோகும். வருவதெல்லாம் பெரும்பாலும் கரியமில வாயு. பத்து நாள் பட்டினி போட்டு, புதுச் சாணக் கரைசலும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீரும் விட்ட பிறகுதான் சரியானது.

4. அடுப்பு. சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை இதற்குப் போதாது. அடுப்பு ரிப்பேர்காரரிடம் பெரிதாக்கித் தரச் சொல்லுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால், லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருளைத் துருப்பிடிக்கவிட்டு ஒரு குழாயில் அடைத்து, வாயுவை அதன் வழியே விடுங்கள்; அந்த நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடை அது பிடித்துக்கொள்ளும். சுருள் கறுத்ததும் மாற்றுங்கள்.

வழிந்து வரும் கரைசலைத் தண்ணீர் கலந்து வாழைக்கு ஊற்றலாம். எங்கள் வீட்டில் அதற்காகவே இரண்டு கன்று வைத்திருக்கிறோம்.