சிறு படகின் கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் முறை

அமெரிக்கக் கடற்கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிப்பறைக் கழிவை நீரில் விடுவது சட்ட விரோதம் என்பதால், அங்கே ஓடும் சிறு படகுகளில் கழிவைக் கடலுக்குத் திருப்பிவிடும் வால்வை மூடி, பூட்டோ அறுத்தாலன்றிக் கழலாத பிளாஸ்டிக் பட்டையோ போட்டு வைக்க வேண்டும். தொட்டி முக்கால் பங்கு நிறைந்ததுமே கழிவைப் பம்பால் உறிஞ்சி எடுக்கும் படகுத்துறையின் உறிஞ்சு நிலையத்துக்குச் சென்றுவிடுங்கள். அழுக்குப் படிந்த அளவுமானி பொய் சொல்லக்கூடும்.

கையுறை அணிந்து, மேல்தளத்தில் 'வேஸ்ட்' என்று பொறித்த மூடியைத் திறவுங்கள். டீசல், குடிநீர் மூடிகளும் அதே தோற்றத்தில் இருக்கும் என்பதால் எழுத்தை இருமுறை படிப்பது வீண் வேலையன்று. நிலையத்தின் குழாய் முனையை அத்திறப்பில் இறுக்கமாகப் பொருத்திய பின்னரே பம்பை ஓடவிட்டு, தொட்டி காலியானதும் ஒரு வாளி நீரை ஊற்றி மறுபடி உறிஞ்சுங்கள்.

பலரும் மறப்பது தொட்டிக்குள் காற்று போய்வர உதவும் காற்றுப்போக்கியைத்தான். படகின் பக்கவாட்டில் விரல் நுனியளவே உள்ள அந்தத் துளையை உப்போ பூச்சிக்கூடோ அடைத்திருந்தால், உறிஞ்சும்போது தொட்டி உள்நோக்கி நசுங்கிப்போகலாம். காற்றோட்டமில்லாத தொட்டியில் நாற்றமும் மிகும். ஆகவே படகைக் கழுவும்போதெல்லாம் அத்துளையில் வெளியிலிருந்து நீரைப் பீய்ச்சுங்கள். வாசனைத் திரவங்களுக்குச் செலவிடுவதைவிட இதுவே மேல். வேலை முடிந்ததும் மூடியை இறுக்கித் தளத்தைக் கழுவலாம், ஆனால் குடிநீர்க் குழாயை இதற்குத் தொடாதீர்கள்.