தலைக்கா, மொத்தத்துக்கா? ஐந்து பேர் பயணத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு கணக்கு

திருச்சியில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் நான், கணவர், ஐந்தாவது படிக்கும் மகன், ஒன்றாவது படிக்கும் மகள், அத்தை என ஐந்து பேர். எங்கே கிளம்பினாலும் ஐந்து டிக்கெட், இரண்டு அறை. கார்டு விளம்பரங்களில் வருபவரோ தனியாக ஒரு சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு, விமான நிலையத்தின் தனி ஓய்வறையான லவுஞ்சுக்குள் போகிறவர். அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் இந்தச் சலுகைகளில் பாதி. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு எங்கே பிடிக்கும், எங்கே தொளதொளக்கும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். இந்தச் சலுகை தலைக்கு எண்ணுவதா, மொத்தமாக எண்ணுவதா? லவுஞ்ச் தலைக்கு எண்ணுவது. விமான விபத்துக் காப்பீடும் அப்படித்தான், பெரும்பாலும் கார்டுக்காரருக்கு மட்டும். ஹோட்டல் இலவச இரவு அறைக்கு. ரயில் டிக்கெட் செலவுக்குக் கிடைக்கும் பாயிண்ட், வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி மேலே பிடிக்கும் மார்க்கப்பில் மிச்சமாவது எல்லாம் மொத்தத் தொகைக்கு. வீட்டில் ஆட்கள் கூடக் கூட முதல் வகை சுருங்கும், இரண்டாம் வகை வளரும். கார்டு வாங்கும்முன் அதன் சலுகைப் பட்டியலை இந்த இரண்டு கூடையில் பிரித்துப் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் முதல் கூடையில் விழுந்தால் அந்தக் கார்டு நமக்கில்லை.

இதெல்லாம் மாதாமாதம் பில் முழுவதையும் கட்டுகிறவர்களுக்கு மட்டும். பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை (மினிமம் டியூ) மட்டும் கட்டினால் மாதம் மூன்றரை சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும், ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. நல்ல கார்டு நூறு ரூபாய்க்குக் கொடுப்பது ஒன்றிரண்டு ரூபாய். வங்கிக் கணக்கில் முழுத் தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

ஒரு பாயிண்ட் எத்தனை பைசா?

பாயிண்ட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கக் கூடாது. பத்தாயிரம் பாயிண்ட் என்பது பத்தாயிரம் ரூபாய் இல்லை. எச்டிஎஃப்சியின் ரெகாலியா கோல்டை எடுத்துக்கொள்வோம். அதன் பாயிண்டை வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமானம், ஹோட்டலுக்குப் பயன்படுத்தினால் ஒன்று 50 பைசா. கிஃப்ட் வவுச்சராக மாற்றினால் 35 பைசா வரை. ஸ்டேட்மெண்டில் கழித்துக்கொள்ளச் சொன்னால் 20 பைசா. அதே பத்தாயிரம் பாயிண்ட் ஒரு வழியில் 5,000 ரூபாய், இன்னொரு வழியில் 2,000. பலர் ஆப்பில் முதலில் கண்ணில் படும் பொத்தானை அழுத்திவிட்டு ‘கார்டில் ஒன்றும் தேறாது’ என்பதற்கு இதுதான் காரணம். பாயிண்டை இப்படி மாற்றி எடுக்கும் (ரிடீம்) ஒவ்வொரு முறையும் பல வங்கிகள் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் வேறு பிடிக்கும். அதனால் சில்லறையாக எடுக்காமல் சேர்த்து ஒரே தடவையாக எடுங்கள். முழு டிக்கெட்டையும் பாயிண்டிலேயே முடிக்க எல்லாக் கார்டும் விடாது. இத்தனை சதவீதம்தான் என்று வரம்பு இருக்கும். இந்த விகிதங்களை வங்கிகள் அடிக்கடி மாற்றும், ஆகவே பாயிண்டை வருடக்கணக்கில் அடைகாக்க வேண்டாம்.

வங்கித் தளத்தில் டிக்கெட் விலையே கூடுதலாக இருக்கவும் வாய்ப்புண்டு. பக்கத்தில் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தையும் திறந்து வைத்து, ஐந்து பேருக்கும் சேர்த்து வரும் கடைசித் தொகையை ஒப்பிட்ட பிறகே அழுத்துங்கள்.

எதைத் தேய்க்கலாம், எதை வேண்டாம்

பாயிண்டுக்காகச் செலவு செய்வது கடைக்காரர் தள்ளுபடிக்காகத் தேவையில்லாத சரக்கை எடுப்பதைவிட மோசம். எப்படியும் போகப்போகும் பணத்தைக் கார்டு வழியாக அனுப்பினாலே நடுத்தரக் குடும்பத்துக்குப் போதும். எங்கள் வீட்டில் பெரிய தொகைகள் பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், மளிகை.

பள்ளிக் கட்டணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வேறு ஆப் மூலம் கட்டினால் பல வங்கிகள் 1 சதவீதம் பிடிக்கின்றன. பள்ளியின் சொந்தத் தளத்திலோ அலுவலக மெஷினிலோ கட்டினால் அந்தக் கட்டணம் இல்லை. ஜூன் மாதம் பள்ளி அலுவலக வரிசையில் அரை மணி நேரம் நான் நிற்பது இதனால்தான். வாடகைக்கும் இதே 1 சதவீதம் உண்டு, பெரும்பாலும் பாயிண்டும் கிடையாது. பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது இரண்டுக்கும் பல கார்டுகளில் பாயிண்ட் பூஜ்யம். பிரீமியத்துக்கு உண்டு, ஆனால் மாதத்துக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள்.

நகைக்கடையில் ‘கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் கூட ஆகும்மா’ என்றால் பணமாகவோ யுபிஐயாகவோ கொடுத்துவிடுங்கள். நூறு ரூபாய்க்கு நமக்குக் கிடைப்பது ஒன்றேகால் ரூபாய், அவர்கள் கேட்பது இரண்டு ரூபாய்.

கணவன் மனைவி ஆளுக்கொரு கார்டு வாங்கி, இருவரிடமும் அரைகுறையாகப் பாயிண்ட் கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். இரண்டு பேர் பாயிண்டையும் ஒன்றாக்கப் பெரும்பாலான வங்கிகள் விடுவதில்லை. முதன்மைக் கார்டு ஒருவர் பெயரில் இருக்கட்டும். மற்றவருக்கு ஆட்-ஆன் கார்டு வாங்குங்கள், பலவற்றில் இலவசம். இருவர் செலவும் ஒரே கணக்கில் சேரும். ஆண்டுக் கட்டண விலக்குக்கும், இத்தனை செலவழித்தால் என்று தரும் மைல்ஸ்டோன் வவுச்சருக்கும் தேவையான வரம்பு சீக்கிரம் எட்டும். எங்கள் வீட்டில் கார்டு என் பெயரில். “என் சம்பளத்துக்கு உன் பேர்ல பாயிண்டா?” என்றார் அவர். “ஆமாங்க, டிக்கெட் போடறதும் நான்தானே” என்றேன். அத்தோடு முடிந்தது.

ரயில்தான் முதல் லாபம்

கார்டுச் சலுகை என்றாலே விமானம் என்று நினைக்கிறார்கள். நம்மூர்க் குடும்பம் அதிகம் போவது ரயிலில். ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டில் ஏசி வகுப்பு டிக்கெட்டுகளை ஐஆர்சிடிசி தளத்தில் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயிண்டாகத் திரும்பும். ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய். அந்தப் பாயிண்டைக் கொண்டு அடுத்த டிக்கெட்டை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். கார்டில் டிக்கெட் எடுக்கும்போது விழும் 1 சதவீதப் பரிவர்த்தனைக் கட்டணத்துக்கும் விலக்கு. ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான்.

திருச்சி வழியாகப் போகும் சம்பர்க் கிராந்தியில் ஐந்து பேர் டெல்லிக்கு மூன்றடுக்கு ஏசியில் போய்வர 25,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். திரும்புவது 2,500 வரை, ஏறக்குறைய ஒரு ஆளின் ஒரு வழிக் கட்டணம். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டதால் அத்தைக்கும் முழுக் கட்டணம். ஐந்து வயது முடிந்த குழந்தைக்குத் தனி பெர்த் கேட்டால் அதற்கும் முழுக் கட்டணம். இந்த நிலையில் 2,500 என்பது கைக்குத் தெரிகிற பணம். ஸ்லீப்பரில் போகிறவர்களுக்கு இந்த 10 சதவீதம் கிடையாது, அவர்களுக்கு இந்தக் கார்டு வேண்டியதில்லை. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்தான் திறக்கிறது. மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே பாயிண்ட் கணக்கில் ஏறியிருக்க வேண்டும்.

விமானத்தில் ஐந்து இருக்கை

புக்கிங் தளங்களில் ‘10 சதவீதம் தள்ளுபடி, 1,500 ரூபாய் வரை’ என்று வங்கிச் சலுகை வரும். அந்த 1,500 மொத்த புக்கிங்குக்கு. அதே தளம் புக்கிங்குக்கு வாங்கும் கன்வீனியன்ஸ் ஃபீயோ தலைக்கு. ஆளுக்கு 350 ரூபாய் என்றால் ஐந்து பேருக்கு 1,750. தள்ளுபடி போய், மேலே 250 ரூபாயும் நம் பையிலிருந்து போகிறது. தனியாளுக்கு லாபமாக இருந்த அதே சலுகை நமக்கு நஷ்டம். வீட்டில் இன்னொருவர் பெயரில் தனிக் கார்டு இருந்தால் மூன்று பேர், இரண்டு பேர் என்று பிரித்துத் தள்ளுபடியை இரண்டு முறை வாங்கலாம். ஆனால் பிள்ளைகளைப் பெரியவர் இல்லாத பி.என்.ஆரில் விடாதீர்கள், இருக்கையும் முன்கூட்டியே பக்கம் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் காசு கேட்டால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கார்டு பாயிண்டை மைலாக, அதாவது விமான நிறுவனத்தின் சொந்தப் பாயிண்டாக, மாற்றுவது வேறு கலை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையருக்கு நம்மூர்க் கார்டுகள் பலவற்றிலிருந்து பாயிண்டை மாற்றலாம். ஒரே கணக்கிலிருந்து நமக்கும், நாம் பதிந்து வைக்கும் ஐந்து பேர் (நாமினி) வரைக்கும் டிக்கெட் போடலாம் என்பதால் குடும்பத்துக்குத் தோது. சிக்கல் இருக்கை. பள்ளி விடுமுறை நாளில் ஒரே விமானத்தில் குறைந்த மைலில் ஐந்து இடம் கிடைப்பது அபூர்வம். முதலில் இடம் தேடுங்கள், கிடைத்த பிறகு மாற்றுங்கள். மாற்றிய பாயிண்ட் திரும்பி வராது, மைல் மூன்று ஆண்டில் காலாவதியாகும். இரண்டு பேருக்கு மைல், மூன்று பேருக்குப் பணம் என்று பிரித்தாலும் குறைச்சல் இல்லை. மைல் டிக்கெட்டிலும் வரிகளைப் பணமாகத்தான் கட்ட வேண்டும். அதுவும் தலைக்கு.

லவுஞ்ச் பற்றி ஒரு பத்தி போதும். பல கார்டுகளில் இப்போது முந்தைய காலாண்டில் இத்தனை ஆயிரம் செலவழித்திருந்தால்தான் அனுமதி. அனுமதியும் கார்டுக்காரருக்கு. என் கார்டு, அவருடைய ஆட்-ஆன் இரண்டும் செல்லுபடியானாலும் மீதி மூன்று பேருக்குப் பணம் கட்ட வேண்டும்; அந்தக் காசுக்கு வெளியே ஐந்து பேரும் தோசை சாப்பிடலாம். வீட்டிலிருந்து எடுத்துவந்த புளியோதரையை அத்தை பிரித்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

கடல் தாண்டினால்

குடும்பமாக வெளிநாடு போனால் கார்டில் மிச்சம் பிடிக்கச் சுலபமான இடம் மார்க்கப். சாதாரணக் கார்டில் அது 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சிங்கப்பூரில் ஹோட்டல், சாப்பாடு, சாமான் என்று 80,000 ரூபாய் தேய்த்தால் 2,800, வரி 504, ஆக 3,304 ரூபாய் சும்மா போகிறது. பெடரல் வங்கியோடு சேர்ந்து வரும் ஸ்கேப்பியா போன்ற சில கார்டுகளில் இந்த மார்க்கப் கிடையாது, ஆண்டுக் கட்டணமும் இல்லை. அப்படி ஒன்றை வெளிநாட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து விடவும் வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடை. மெஷினில் கார்டை வைத்ததும் திரையில் இரண்டு வரி வந்தது: மேலே சிங்கப்பூர் டாலரில் ஒரு தொகை, கீழே இந்திய ரூபாயில் ஒரு தொகை. கல்லாவில் இருந்த தம்பி விரலைக் கீழ் வரிக்குக் கொண்டுபோய், “ரூபாயிலேயே போட்டுடவாக்கா?” என்றார். “வேண்டாம் தம்பி, டாலர்லயே போடுங்க.” ரூபாயில் பார்த்தால் மனசுக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாற்று விகிதத்தைப் போடுவது நம் வங்கி இல்லை, கடையின் மெஷினுக்குப் பின்னால் இருப்பவர்கள். அதில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும். அது போதாதென்று நம் ஊர் வங்கிகள் பலவும் இதற்கென்றே 1 சதவீதம் பிடிக்கும். எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டுப் பணத்தில் கட்டுங்கள். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி.

ஹோட்டலுக்கு எச்டிஎஃப்சியின் மேரியட் பான்வாய் கார்டு ஒரு நல்ல உதாரணம். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பதிலுக்கு, மேரியட் ஹோட்டல் குழுமத்தின் பாயிண்டில் 15,000 வரை மதிப்புள்ள ஒரு இலவச இரவு. மகாபலிபுரம், மதுரை, திருச்சி என்று நம் பக்கமே அந்தக் குழுமத்தின் ஹோட்டல்கள் இருக்கின்றன. எந்த இரவு 15,000க்குள் வருகிறது என்று அவர்கள் ஆப்பில் தேதி மாற்றி மாற்றிப் பாருங்கள், வார நாட்களில் வாய்ப்பு அதிகம். அறை ஒன்றுதான் இலவசம், எங்களுக்கு இரண்டாவது அறைக்குப் பணம் கட்டியாக வேண்டும். இரண்டு பெரியவர், ஒரு குழந்தை என்ற வீட்டுக்கு இது எங்களைவிட நன்றாகப் பொருந்தும். ஒரே அறையில் எத்தனை பேர், குழந்தைக்குக் காலைச் சாப்பாடு உண்டா என்று ஹோட்டலுக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டு தரும் காப்பீட்டை நம்பிப் பயணக் காப்பீடு எடுக்காமல் மட்டும் போக வேண்டாம், அத்தை வயதில் ஒருவர் கூட வந்தால் நிச்சயமாக வேண்டாம்.

ஆண்டுக் கட்டணம் விழும் மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்குமுன் அந்த ஆண்டு கார்டு கொடுத்ததைப் பைசாவாகக் கூட்டுங்கள். கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, கட்டணத்தை விலக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் பாயிண்டையெல்லாம் செலவழித்து, பாக்கியைக் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ‘இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கங்க மேடம்’ என்று மறுபக்கம் இழுத்தால் இந்த விதியைச் சொல்லுங்கள்.