டார்க் கன்வெர்ட்டர் ஸ்லிப்: கணக்கு கோணலாகும் இடங்கள்

டிராக் (drag) ரேஸுக்குப் புதிதாக வந்தவர் ஒரு கையில் டைம்ஸ்லிப்பும் (ஓட்டத்தின் நேரமும் வேகமும் அச்சான சீட்டு) மறுகையில் கால்குலேட்டருமாக நின்றால், அன்று டார்க் கன்வெர்ட்டருக்கு, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இன்ஜினின் சக்தியை எண்ணெய் வழியே கடத்தும் பாகத்துக்கு, நேரம் சரியில்லை என்று அர்த்தம். நாங்களும் ஒருகாலத்தில் அடித்த கூத்துதான் இது. கூட்டல், வகுத்தல் பிழைகளை விட்டுவிடுகிறேன். அவை மறுமுறை பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்ஜின் சுற்றுவதில் கன்வெர்ட்டரைத் தாண்டிப் போகாத பங்குதான் ஸ்லிப். கணக்கு இதுதான். மணிக்கு இத்தனை மைல் என்ற வேகத்தை ரியர் கியர் (பின் அச்சின் கியர்) விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, அங்குலத்தில் டயர் விட்டத்தால் வகுத்தால், ஸ்லிப்பே இல்லாதபோது இன்ஜின் ஓடவேண்டிய ஆர்பிஎம் வரும். டாப் கியர் 1:1 என்றால்தான் இது. உண்மையில் ஓடிய ஆர்பிஎம் அதைவிட எத்தனை சதவீதம் கூடுதலோ என்று பார்க்கக் கூடாது. வித்தியாசத்தை இன்ஜின் ஆர்பிஎம்மால்தான் வகுக்க வேண்டும்.

டயரில் அச்சடித்த அளவை நம்புவது

இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு பையன், 275/60-15 டிராக் ரேடியல் டயர், 4.10 ரியர் கியர். கால் மைல் முடிவில் 140 மைல் வேகம், 7500 ஆர்பிஎம். அச்சடித்த அளவிலிருந்து விட்டம் 28 அங்குலம் என்று போட்டான். 6888 வந்தது, ஸ்லிப் 8 சதவீதத்துக்கு மேல். "கன்வெர்ட்டர் லூஸ்ணா" என்று கழற்றி, வெட்டி, இறுக்கி வாங்கிவந்தான். அப்புறம் ஸ்டால் (வண்டி நகராமல் நிற்கையில் இன்ஜின் எட்டும் உச்ச ஆர்பிஎம்) குறைந்து, வண்டி புறப்படும்போதே சோம்பிப்போனது.

பிறகுதான் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, அவனை உள்ளே உட்காரவைத்து, வண்டியை ஒரு முழுச்சுற்று தள்ளி அளந்தோம். 85.5 அங்குலம். 3.1416-ஆல் வகுத்தால் விட்டம் 27.2. ஸ்லிப் வெறும் ஐந்தரைதான்! நல்ல கன்வெர்ட்டரைக் காசு கொடுத்துக் கெடுத்திருக்கிறான்.

பயஸ் பிளை ஸ்லிக் (குறுக்கு இழைகள் கொண்ட, பள்ளமில்லாத ரேஸ் டயர்) என்றால் கதை தலைகீழ். வேகத்தில் அது உப்பும். 28 அங்குலம் 29 ஆனால், மூன்று சதவீதத்துக்கு மேல் ஸ்லிப் கணக்கில் வராமல் ஒளிந்துகொள்ளும்.

டாக்கோமீட்டரின் உச்ச எண்

அது கியர் மாற்றிய இடமாக இருக்கலாம். முடிவுக் கோட்டைக் கடந்தபோது ஓடிய ஆர்பிஎம்மே வேண்டும்.

டைம்ஸ்லிப் வேகம்

கடைசி 66 அடியின் சராசரி அது. கோட்டில் வண்டி இன்னும் சற்று வேகமாகத்தான் இருக்கும். அதனால் ஸ்லிப் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

புறப்படும்போது ஸ்லிப்

வண்டி நிற்கையில் 100 சதவீதம். டார்க்கை (சுழற்றும் விசையை) பெருக்குவதே அந்த ஸ்லிப்தான், பதறாதீர்கள்.

டயர் கணக்கே வேண்டாம் என்றால் டிரைவ்ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) சென்சார் வைத்து, இன்ஜின் ஆர்பிஎம்மோடு ஒரே டேட்டா லாகரில் பதியுங்கள். டயர் வழுக்கினாலும் உப்பினாலும் கணக்கு கெடாது. டிரைவ்ஷாஃப்ட் 7050, இன்ஜின் 7500 என்றால் 6 சதவீதம், அவ்வளவுதான். கீழ் கியரில் பார்க்கும்போது மட்டும் டிரைவ்ஷாஃப்ட் எண்ணை அந்த கியர் விகிதத்தால் பெருக்குங்கள்; டர்போ 400 கியர்பாக்ஸில் இரண்டாவது கியருக்கு 1.48.